பழைய லென்ஸும் நியாய விலையும்

அரபு மத்ரஸாவில் ஓதியவர்களுக்குப் பழைய பொருளின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் ஓதிய கித்தாபுகளில் புதியவை எத்தனை? எங்களுக்கு முன்னே ஓதியவர், அவருக்கும் முன்னே ஓதியவர் என்று மூன்று தலைமுறையினரின் கை பட்டவையே அவற்றுள் பெரும்பாலானவை. முதல் ஏட்டில் ஒருவர் பெயர் இருக்கும். அதன் கீழே இன்னொருவர் பெயர் இருக்கும். ஓரங்களில் உஸ்தாது சொன்ன விளக்கங்கள் பொடி எழுத்தில் நிறைந்திருக்கும். அத்தகைய கித்தாபு கிடைத்த மாணவனைப் பார்த்து மற்றவர்கள் பொறாமை கொள்வார்களே அன்றி, பழையதை வாங்கினான் என்று எவரும் இகழ மாட்டார்கள். பிறர் பயன்படுத்தியதனாலேயே மதிப்புக் கூடிய பொருள் அது.

இந்தப் பழக்கத்தினால்தானோ என்னவோ, பழைய பொருள்களுள் இன்னொன்றன் மீதும் எனக்குப் பல ஆண்டுகளாக ஈடுபாடு உண்டு. பிலிம் சுருளில் படம் பிடிக்கும் காமிராக்களுக்குரிய பழைய லென்ஸுகளைத்தான் சொல்கிறேன். கித்தாபு பிடிக்கும் கைக்குக் காமிரா எதற்கு என்று சிலர் கேட்டதுண்டு. கேட்காமல் மனத்திற்குள் வைத்துக் கொண்டவர்களும் உண்டு. அவர்களுக்கு முதலில் விடை சொல்லிவிடுவது முறையாகும்.

நம்முடைய கடற்கரை ஊர்களில், நாகூரிலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும், எத்தனையோ இல்லங்களில் அரபுத் தமிழ்க் கையெழுத்துப் படிகள் கிடக்கின்றன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களின் 'பத்ஹுத் தய்யான்' போன்று அச்சேறிப் புகழ் பெற்ற நூல்களை விட்டுவிடுங்கள். பெயர் தெரியாத முன்னோர்கள் தங்கள் வீட்டுப் பெண் மக்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் எழுதி வைத்த மஸ்அலாக்களும், மருத்துவக் குறிப்புகளும், முனாஜாத்துகளும் எத்தனை எத்தனை! கறையானும் உப்புக் காற்றும் அவற்றை ஆண்டுதோறும் தின்று வருகின்றன. பள்ளிவாசல் மையவாடிகளில் நிற்கும் மீஸான் கற்களின் எழுத்துகளோ மழைக்கு மழை மங்குகின்றன. அவற்றைப் படமாக்கி வைப்பதே நான் காமிராவைக் கையில் எடுத்ததன் நோக்கம். நிழற்படம் கூடுமா, கூடாதா என்னும் விவாதத்தை உலமாக்கள் விரிவாகவே நடத்தியுள்ளனர். எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முதீஈ (இறப்பு 1935) அவர்கள், கையால் உருவம் வரைவது வேறு, ஒளியினால் விழும் நிழலைத் தடுத்து நிறுத்தி வைப்பது வேறு என்று வாதித்து, அது கூடும் எனத் தனி நூலே எழுதினார்கள். கருத்து வேறுபாடு உடையவர்களும் உண்டு. என்னைப் பொறுத்தவரை, நான் படமெடுப்பது எழுத்துகளையும் கற்களையுமே. ஆதலால் அந்த விவாதத்தினுள் நுழையும் தேவை எனக்கு மிகுதியாக நேர்ந்ததில்லை.

'லென்ஸ்' என்னும் சொல்லின் வரலாறு சுவையானது. லத்தீன் மொழியில் அது மைசூர்ப் பருப்பைக் குறிக்கும். இருபுறமும் புடைத்து ஓரம் மெலிந்த அப்பருப்பின் வடிவத்தில் கண்ணாடியைத் தேய்த்ததனால் அப்பெயர் வந்தது. அரபியிலும் அவ்வாறே; 'அதஸ்' என்றால் மைசூர்ப் பருப்பு, 'அதஸா' என்றால் லென்ஸ். பனூ இஸ்ராயீல்கள் மூஸா (அலை) அவர்களிடம் கேட்ட உணவுப் பொருள்களுள் ஒன்றாகத் திருமறையின் அல்பகரா அத்தியாயத்தில் இடம் பெறும் அதே 'அதஸ்'தான். தமிழில் நாம் 'வில்லை' என்கிறோம். ஒளியைப் பற்றிய ஆராய்ச்சியில் நம் முன்னோர்களுக்கு உள்ள பங்கும் சிறியதன்று. பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம் அவர்கள் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கிதாபுல் மனாழிர்' என்னும் பெருநூலை எழுதினார்கள். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதனால் பார்வை உண்டாகிறது என்னும் பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்குள் வருவதே பார்வை என்று அதில் நிறுவினார்கள். அந்நூல் லத்தீனுக்குப் பெயர்ந்து, 1572-இல் பாசல் நகரில் அச்சாயிற்று.

இனி விஷயத்திற்கு வருகிறேன். என்னிடம் இருப்பது நிக்கான் எஃப்.எம்.2 என்னும் காமிரா. 1982-இல் வெளிவந்த வகை. சிங்கப்பூரில் சபராளியாக இருந்த என் மாமா 1991-இல் வாங்கி வந்து கொடுத்தார். எஸ்.எல்.ஆர். என்று சொல்லப்படும் இவ்வகைக் காமிராவின் சிறப்பு யாதெனில், லென்ஸின் வழியே வரும் ஒளியை உள்ளிருக்கும் கண்ணாடி ஒன்று திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும். ஆகவே, லென்ஸ் காண்பதையே நாமும் காண்கிறோம். லென்ஸைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். எனவே காமிரா ஒன்று போதும். தேவைக்கேற்ப லென்ஸுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கொள்ளலாம். கைபேசியிலேயே இன்று அழகாகப் படம் விழுகிறதே என்பீர்கள், உண்மைதான். நானும் கைபேசியில் எடுக்கிறேன். ஆனால், கைபேசி மாறும்போது படங்களும் எங்கேயோ போய்விடுகின்றன. ஒழுங்காகக் கழுவி உலர்த்திய கறுப்பு வெள்ளை நெகட்டிவோ, உறையிலிட்டு வைத்தால் நம் பேரப் பிள்ளைகள் காலம் வரை கிடக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே எழுத்துத் தெரியும்.

பிலிமின் விலை இந்நாளில் ஏறிவிட்டது. அந்தச் செலவையும் ஏற்றுக்கொண்டு ஓர் ஆசிரியன் இத்தொழிலை நடத்த முடிகிறதென்றால், அதற்குக் காரணம் பழைய லென்ஸுகளே. அவை மலிவான கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1985-இல் மினோல்டா நிறுவனம் தானே குவியத்தைச் சரி செய்து கொள்ளும் காமிராவை வெளியிட்டது. 1987-இல் கேனான் நிறுவனம் தன் பழைய 'எஃப்.டி.' லென்ஸுகள் பொருந்தாத புதிய முகப்புக்கு முற்றிலும் மாறியது. கையால் திருகிக் குவியம் சேர்க்கும் லென்ஸுகளின் மீது அன்றே மக்களின் நாட்டம் குறைந்தது. அடுத்து டிஜிட்டல் காமிராக்கள் வந்தபோது, பிலிம் காமிராக்களோடு லென்ஸுகளும் அலமாரிகளின் அடித்தட்டுக்குப் போயின. ஒரு காலத்தில் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொட்டினாலும் கிடைக்காதவை, பழைய சாமான் விலைக்கு வந்தன. 2008-க்குப் பின் உட்கண்ணாடி இல்லாத டிஜிட்டல் காமிராக்கள் புறப்பட்டன. இடையில் ஒரு வளையத்தை வைத்தால் அவற்றில் எந்தப் பழைய லென்ஸையும் மாட்டலாம் என்று ஆயிற்று. இளைஞர்கள் பழைய லென்ஸுகளைத் தேடத் தொடங்கினர். விலை மீண்டும் ஏறியது. ஆயினும், எல்லாம் ஒன்று போல் ஏறவில்லை. புகழ் பெற்றவை ஏறின. புகழ் பெறாத நல்லவை அப்படியே நின்றன. நல்ல பேரம் என்பது இந்த இரண்டாம் வகையில்தான் ஒளிந்திருக்கிறது.

எடுத்துக்காட்டாக, 50 மில்லிமீட்டர் லென்ஸை எடுத்துக் கொள்ளுங்கள். அந்நாளில் காமிரா வாங்கிய ஒவ்வொருவருக்கும் பெரும்பாலும் அதனோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது அதுவே. ஆகவே, உலகெங்கும் அவை ஏராளம். அதில் 1.4 என்று குறியிட்டது மிகுந்த ஒளியை உள்ளே விடும், விலையும் மிகுதி. 1.8 என்று குறியிட்டது அதைவிடச் சற்றே குறைந்த ஒளியை விடும். விலை பாதிக்கும் கீழே. துளையை 8 என்னும் எண்ணுக்குச் சுருக்கிப் படம் எடுத்தால் இரண்டிற்கும் வேறுபாடு காண்பது அரிது. மேலும் ஒரு வேடிக்கை. அசாஹி பென்டாக்ஸ் நிறுவனத்தின் பழைய 55 மில்லிமீட்டர் டாகுமார் லென்ஸுகளில் 1.8 என்று ஒன்றும், 2 என்று ஒன்றும் உண்டு. இரண்டிலும் கண்ணாடிகள் ஒன்றே. இரண்டாவதில் ஒளியைச் சற்றுத் தடுக்கும் வளையம் மட்டுமே கூடுதல். எண்ணைப் பார்த்து மதிப்பிடுவோர் முதலாவதைத் தேடுவர். விவரம் அறிந்தவர் இரண்டாவதையும் மகிழ்ச்சியோடு வாங்குவர்.

தொலைவில் உள்ளதை நெருக்கிக் காட்டும் 135 மில்லிமீட்டர் லென்ஸும் இத்தகையதே. ஒரு தலைமுறை முழுவதும் அதை வாங்கியது. அடுத்த தலைமுறை ஜூம் லென்ஸுக்குப் போய்விட்டது. எனவே, அது நல்ல கண்ணாடியாயிருந்தும் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. பள்ளிவாசல் மினாராவின் உச்சியில் உள்ள எழுத்துகளைத் தரையில் நின்றபடியே படமாக்க உதவும். நிக்கான் நிறுவனம் 1979 முதல் 'சீரிஸ் ஈ' என்னும் பெயரில் எளிய உடலோடு சில லென்ஸுகளை வெளியிட்டது. உயர்ந்த பெயர் அதன் மேல் பொறிக்கப்படாததால் மதிப்புக் குறைவு, படமோ குறைவில்லை. ரஷ்ய நாட்டு ஹீலியோஸ் லென்ஸும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. பின்புலத்தைச் சுழல்போல் காட்டுகிறதென்று இளைஞர்கள் அதைக் கொண்டாடத் தொடங்கியதும் விலை ஏறிவிட்டது.

லென்ஸ் எவ்வளவு நல்லதாயினும், நம் காமிராவின் முகப்பில் அது பொருந்த வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்திற்கும் ஒவ்வொரு முகப்பு. 42 மில்லிமீட்டர் அகலமுள்ள திருகு முகப்பைப் பல நிறுவனங்கள் பொதுவாகப் பயன்படுத்தின. பென்டாக்ஸும் 1975 வரை அதையே வைத்திருந்தது. நிக்கானின் முகப்பு 1959 முதல் வடிவத்தில் மாறவில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். அதை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. 1977-இல் அந்நிறுவனம் துளையின் அளவைக் காமிராவுக்கு அறிவிக்கும் முறையை மாற்றியது. அதற்கு முந்திய லென்ஸை, வளையம் மாற்றாமல், எஃப்.எம்.2 போன்ற காமிராவில் வலிந்து மாட்டினால் முகப்பிலுள்ள சிறு நாக்கு முறிந்து போகும். துளை எண்கள் ஒரே வரிசையாக இருந்தால் அது பழைய முறையாகவே இருக்கும். பெரிய எண்களுக்குப் பின்னே சிறிய எண்கள் இரண்டாவது வரிசையாக இருந்தால் புதிய முறை. இச்சிறு விவரத்தை அறியாமல் மலிவாக வாங்கப்படும் லென்ஸ், காமிராவைப் பழுது பார்க்கும் செலவையும் கூடவே கொண்டு வரும்.

அடுத்தது சோதனை. சிங்கப்பூரில் சிட்டி ஹால் பக்கத்தில் பெனின்சுலா என்று பெயர் கொண்ட இரண்டு கட்டடங்களில் பழைய காமிராக் கடைகள் உண்டு. நான் அங்கே போனபோது, கண்ணாடிப் பேழைகளில் அடுக்கி வைத்திருந்த லென்ஸுகளைக் காட்டிலும், ஒரு கடைக்காரர் தம் பொருள்களின் மீது ஒட்டியிருந்த சிறு சீட்டுகளே என்னை மிகவும் கவர்ந்தன. 'பூஞ்சை சிறிது உண்டு', 'முன் கண்ணாடியில் கீறல்', 'வளையம் இறுக்கம்' என்று ஒவ்வொன்றின் குறையையும் அவரே எழுதி வைத்திருந்தார். வாங்குவோர் கேட்டுத்தான் சொல்வது என்றில்லை. எங்கள் உஸ்தாதுகள் கொடுக்கல் வாங்கல் பாடத்தில் சொல்லித் தந்த ஒழுக்கத்தை, நம் மார்க்கத்தைச் சாராத அந்தப் பெரியவர் தம் கடையில் இயல்பாகக் கடைப்பிடித்ததைக் கண்டு மகிழ்ந்தேன். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் இருக்கக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. அந்தச் சீட்டுகள் ஈரத் தானியத்தை மேலே எடுத்து வைத்தது போன்றவை.

எல்லாக் கடையிலும் சீட்டு இருக்காது. ஆகவே, நாமே பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு சிறு டார்ச் விளக்குப் போதும். துளையை முழுவதும் திறந்து, பின்பக்கமிருந்து ஒளியைச் சாய்வாகச் செலுத்தி, முன்பக்கமாகப் பார்க்க வேண்டும். தூசி தெரிந்தால் கவலை வேண்டாம். எல்லாப் பழைய லென்ஸிலும் தூசி உண்டு, படத்தில் அது விழாது. சிலந்தி வலை போலக் கிளை விட்டுப் படர்ந்திருப்பது தெரிந்தால் அதுவே பூஞ்சை. நம் கடற்கரைப் பகுதியில் ஈரக் காற்று மிகுதியாதலால் இதுவே பெரும் பகை. தொடக்கத்திலேயே துடைத்தால் போய்விடும். நெடுநாள் விட்டால் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துத் தழும்பாக்கிவிடும். பனி படர்ந்தாற் போன்ற மங்கல் இருந்தால் படம் வெளிறிப் போகும். முன் கண்ணாடியில் ஓரிரு கீறல் இருப்பதைப் பொறுத்துக் கொள்ளலாம். பின் கண்ணாடியில் இருப்பதைப் பொறுக்கக் கூடாது. பிலிமுக்கு அருகில் இருப்பதால் அதன் தீங்கு மிகுதி. ஒட்டி வைத்த இரு கண்ணாடிகளுக்கு நடுவே ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் பசை விட்டுவிட்டது என்று பொருள். அதைச் சரி செய்வது கடினம்.

பிறகு துளையின் தகடுகளைப் பார்க்க வேண்டும். எஸ்.எல்.ஆர். காமிராவில், நாம் பொத்தானை அழுத்தும் அந்தக் கணத்தில் தகடுகள் சட்டென்று சுருங்க வேண்டும். எண்ணெய் கசிந்து ஒட்டிக் கொண்டிருந்தால் அவை தயங்கும். படத்தில் ஒளி மிகுந்துவிடும். லென்ஸின் பின்புறம் உள்ள நெம்பை விரலால் தள்ளி விட்டுப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். குவிய வளையம் எங்கும் ஒரே இழுப்பாகத் திரும்ப வேண்டும். சில பழைய லென்ஸுகளில் கண்ணாடி தேநீர் நிறமாக மாறியிருக்கும். அந்தக் கண்ணாடியில் தோரியம் கலந்திருப்பதே காரணம். சில நாள் வெயில் ஒளி பட வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். இதை அறியாத விற்பவர் கெட்டுப் போனது என்று மலிவாகக் கொடுப்பதுண்டு.

இதையெல்லாம் பார்த்த பின்னும் ஒரு குறை மறைந்திருக்கலாம். இங்கேதான் ஃபிக்ஹுக் கலையின் நுட்பம் நமக்குத் துணை செய்கிறது. வியாபாரத்தில் பேசி முடித்த பின்னும் மீளும் உரிமையை 'கியார்' என்பர். ஷாஃபிஈ மத்ஹபின்படி, விற்பவரும் வாங்குபவரும் அந்த அமர்விலிருந்து பிரியும் வரை இருவருக்கும் மீளும் உரிமை உண்டு. ஆதலால் டார்ச் விளக்கைக் கடையிலேயே எடுங்கள், வீட்டில் எடுக்காதீர்கள். மூன்று நாள் வரை தவணை வைத்து வாங்கும் உரிமையும் உண்டு. ஒரு பிலிம் சுருளைப் போட்டு எடுத்துக் கழுவிப் பார்க்க மூன்று நாள் போதுமானது. நான் இந்த நிபந்தனையைக் கேட்டபோது, நேர்மையான வியாபாரிகள் எவரும் மறுத்ததில்லை. விற்கும்போதே இருந்து, வாங்கியவர் அறியாத குறை பின்னர்த் தெரிய வந்தால் திருப்பும் உரிமையும் உண்டு. 'எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல' என்று சொல்லி விற்றுவிட்டால் தப்பித்துக் கொள்ளலாமா? நம் மத்ஹபின் வலுவான கருத்துப்படி, உயிருள்ள பிராணியின் உள்ளே விற்பவரும் அறியாதிருந்த குறை ஒன்றில்தான் அந்தச் சொல் அவரைக் காக்கும். லென்ஸ் பிராணியன்று. எனவே, 'உள்ளது உள்ளபடி' என்னும் சொல்லுக்குப் பின்னே ஒளிந்து கொள்ள லென்ஸ் வியாபாரிக்கு இடமில்லை.

வாங்குபவர் ஏமாறக் கூடாது என்பதற்கு இவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது. விற்பவர் விலை தெரியாதவராக இருந்தால்? பழைய பொருள் வாங்கும் கலையின் மிகக் கடினமான கேள்வி இதுதான். நல்ல பேரம் என்று நாம் மகிழும் பல வேளைகளில், எதிரே நிற்பவரின் அறியாமைதான் நம் இலாபமாகிறது.

2016-இல் எங்கள் தெருவில் இத்தகைய ஒன்று நடந்தது. சிங்கப்பூரில் நெடுங்காலம் இருந்து திரும்பிய பெரியவர் ஒருவர் மறைந்துவிட்டார். அவர் ஆசையாக வைத்திருந்த பெட்டியொன்றை அவருடைய துணைவியார், நாங்கள் மாமி என்றழைக்கும் மூதாட்டி, பேரன் மூலம் என்னிடம் அனுப்பினார். பின்னர் நான் போனபோது திரைக்கு அப்பாலிருந்து பேசினார்.

"ஆலிம்சா, பழைய சாமான் வாங்குறவர் எல்லாத்துக்கும் சேர்த்து ரெண்டாயிரம் தர்றேன்கிறார். நீங்க படம் புடிக்கிறவங்க. உங்களுக்கு வேணும்னா அதே விலைக்கு நீங்களே எடுத்துக்கங்க" என்றார்.

பெட்டியில் நான்கு லென்ஸுகள். நிக்கானின் 50 மில்லிமீட்டர் ஒன்று; 105 மில்லிமீட்டர், 2.5 குறியுள்ள ஒன்று. பெயர் பெறாத ஜூம் ஒன்று. நான்காவதாக 55 மில்லிமீட்டர் மைக்ரோ ஒன்று. அந்த மைக்ரோவை நான் ஆறு ஆண்டுகளாகத் தேடிக் கொண்டிருந்தேன். சாதாரண லென்ஸ் அரை மீட்டர் தொலைவில் நின்றுவிடும். இதுவோ 24 சென்டிமீட்டர் வரை நெருங்கும். 48க்கு 72 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு ஓரக் குறிப்பு படம் முழுவதையும் நிரப்பும். தட்டையான தாளைக் கோணாமல், ஓரத்து எழுத்தும் நடுவெழுத்தைப் போலவே கூர்மையாய் விழும்படி எடுப்பதற்கென்றே கணக்கிட்டுச் செய்தது. கையெழுத்துப் படிகளைப் படமெடுப்பவனுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

இரண்டாயிரம் ரூபாய் என் சட்டைப் பையிலேயே இருந்தது. விலையை அவரே சொன்னார், நான் குறைத்துக் கேட்கவில்லை, பொய் சொல்லவில்லை. சட்டப்படி அந்த வியாபாரம் செல்லும். விலை ஏற்றத் தாழ்வு ஒன்றினாலேயே வியாபாரத்தை முறிக்கும் உரிமை நம் மத்ஹபில் இல்லை. வெறும் கண்ணாடியை மாணிக்கம் என்று எண்ணி மிகுந்த விலைக்கு வாங்கிவிட்டவனுக்கும் மீளும் உரிமை இல்லை என்றே ஃபிக்ஹு நூல்கள் உதாரணம் சொல்லும். இந்தப் பாடத்தை எத்தனையோ முறை மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறேன். இங்கே மாணிக்கத்தைக் கண்ணாடி என்று எண்ணி விற்க வந்திருக்கிறார் ஒருவர். உள்ளத்தில் போராட்டமே எழவில்லை என்று எழுதினால் அது உண்மையாகாது.

ஆனால், அதே பாடத்தை எனக்கு நடத்திய உஸ்தாது அவர்கள், சட்டத்தைச் சொல்லி முடித்ததும் ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் செய்தியையும் சேர்த்தே சொல்வார்கள். ஜரீர் (ரலி) அவர்களின் பணியாளர் முந்நூறு திர்ஹத்திற்கு ஒரு குதிரையைப் பேசி, பணம் வாங்கிக் கொள்ள அதன் சொந்தக்காரரை அழைத்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி) அவர்கள், இது முந்நூறைவிட மேலானது, நானூறுக்குத் தருகிறாயா என்றார்கள். பிறகு ஐந்நூறு என்றார்கள். இப்படியே தாமே ஏற்றிக் கொண்டு போய் எண்ணூறு கொடுத்து வாங்கினார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் தாம் செய்த உறுதிமொழியே அதற்குக் காரணம் என்றார்கள். சட்டம் வியாபாரத்தின் தரை. அதன் மேல் எவ்வளவு உயரம் கட்டுவது என்பது அவரவர் ஈமானைப் பொறுத்தது என்பார்கள் எங்கள் உஸ்தாது.

நான் ஒரு தாளை எடுத்து நான்கு லென்ஸுகளுக்கும் தனித்தனியே குறையையும் விலையையும் எழுதினேன். 50-க்கு நாலாயிரம். 105-க்குப் பத்தாயிரம், உள்ளே சிறிது மங்கல் இருப்பதால் ஆயிரம் குறையலாம். மைக்ரோவுக்கு ஆறாயிரம். ஜூம் முழுவதும் பூஞ்சை, அதற்கு விலையில்லை. பேரன் படித்துக் காட்டியபோது, "இந்தக் கண்ணாடிக்கா இவ்வளவு?" என்றார் மாமி, வேறொன்றும் சொல்லவில்லை. மைக்ரோவை ஆறாயிரத்திற்கே நான் கேட்டேன். மூன்று மாதத் தவணையில் கொடுத்து முடித்தேன். மற்ற இரண்டையும் சென்னையில் படம் எடுக்கும் தொழிலில் இருக்கும் என் பழைய மாணவர், குறைகளைக் கேட்டறிந்து, டார்ச் அடித்துப் பார்த்து, பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கிக் கொண்டார். அந்தப் பணத்தில் மழைக்கு முன் வீட்டுக் கூரை சீரானது.

ஆறாயிரம் கொடுத்த அந்த லென்ஸைத்தான் என் வாழ்நாளின் மிகச் சிறந்த பேரம் என்று நான் கருதுகிறேன். அது பத்தாண்டுகளாக நாள் தவறாமல் உழைக்கிறது. அதை எடுக்கும்போதெல்லாம் மனத்தில் உறுத்தல் ஏதும் இல்லை. பொருளின் விலையைக் கணக்கிடுவோர், அதைப் பயன்படுத்தும் ஆண்டுகள் முழுவதும் நமக்கு இருக்கும் மன அமைதியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பரகத் என்று நாம் சொல்வதில் அதுவும் அடங்கும் என்றே நினைக்கிறேன்.

வாசக அன்பர்களின் இல்லங்கள் பலவற்றிலும் சபராளிகளின் பெட்டிகள் இன்றும் இருக்கும். வாப்பாவோ பாட்டனாரோ சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் கொண்டு வந்த காமிராக்கள் அவற்றில் உறங்கும். அவற்றைத் தோலுறைக்குள் வைத்திருந்தால் முதலில் வெளியே எடுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சையை வளர்க்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மாதம் ஒரு முறை வெளிச்சத்தில் எடுத்து வளையங்களைத் திருப்பி வையுங்கள். விற்பதானால், விவரம் தெரிந்த இருவரிடம் விலை கேளுங்கள். குறையை மறைக்காமல் சொல்லி விற்றுவிடுங்கள். வாங்குவதானால், விற்பவர் அறியாததை அவருக்கு முதலில் அறிவித்துவிட்டுப் பிறகு வாங்குங்கள். வீட்டில் படம் பிடிக்க ஆசைப்படும் பிள்ளை இருந்தால் விற்கவே வேண்டாம். ஒரு பிலிம் சுருளை வாங்கி அதன் கையில் கொடுத்துப் பாருங்கள்.

காமிரா இருக்கும் அதே பீரோவின் மேல்தட்டில், துணியில் சுற்றிய பழைய கித்தாபு ஏதேனும் இருந்தால் அதையும் இறக்கிப் பாருங்கள். கறையான் முந்திக் கொள்வதற்குள், யாரிடமேனும் கொடுத்து அதைப் படமெடுத்து வைத்துவிடுங்கள். அதற்கு விலை சொல்ல என்னால் முடியாது.